குரங்குப் பாடமும் என் கணவரின் சாட்சியும்

எங்கள் சபையில் பாடத் தெரியாதவருக்கு மன்னிப்பு உண்டு, ஜெபிக்கத் தெரியாதவருக்கும் உண்டு. சாட்சி சொல்லத் தெரியாதவருக்குக் கிடையாது. ஞாயிறு ஆராதனையில் பாட்டெல்லாம் முடிந்ததும் பாஸ்டர் மைக்கை நீட்டுவார். யாராவது எழுந்து போய், ஆண்டவர் தன் வாழ்க்கையில் செய்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு கட்டு இருக்கிறது. முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம். குடித்தேன், விட்டேன். படுக்கையில் கிடந்தேன், எழுந்தேன். இருட்டு எவ்வளவு கூடுதலோ அல்லேலூயாவும் அவ்வளவு கூடுதல் என்பதால், ஆட்கள் கொஞ்சம் இருட்டைக் கூட்டித்தான் சொல்வார்கள். எங்கள் அப்பா குடியை விட்ட கதையை அவர் வாயாலேயே பல தடவை கேட்டிருக்கிறேன். வருடா வருடம் அவர் குடித்திருந்த சாராயம் ஏறிக்கொண்டே போனது. அம்மா பின்வரிசையில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

நானும் சிரித்தவள்தான். அடுத்தவர் வீட்டு இருட்டென்றால் யாரும் சிரிக்கலாம். என் கணவர் அதே மைக்கைப் பிடித்து, செத்துப்போன எங்கள் மகளை இருட்டாக்கிக் காட்டிய அன்றோடு எனக்கு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அவள் ஏன் செத்தாள் என்பதற்கு எனக்கென்று ஒரு பதில் இருந்தது. அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டுதான் சபைக்கும் போனேன், பள்ளிக்கூடத்துக்கும் போனேன். அதை அவர் எல்லோர் முன்னாலும் பிடுங்கிப் போட்டார்.

நான் இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் டீச்சர். அதில் ஒரு பாடம் வரும். உயிர்களெல்லாம் கோடிக்கணக்கான வருடங்களில் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி வந்த கதை. புத்தகத்தில் அதற்குக் கூர்ப்பு என்று பெயர். தோட்டத்தில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. குரங்குப் பாடம் என்றால் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நானோ வேதக்காரி. கிறிஸ்தவர்களைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வேதக்காரி குரங்குப் பாடம் நடத்துகிறாள் என்பது எங்கள் ஆசிரியர் அறையில் தீராத கிண்டல்.

"எங்களுக்குப் பிரச்சினையே இல்ல டீச்சர்" என்பார் கணக்கு சேர். "எங்க சாமி மீன்ல ஆரம்பிச்சு, ஆமை, பன்னி, பாதி சிங்கம் பாதி மனுசன்னு வரிசையா அவதாரம் எடுத்தே காட்டிட்டாரு. உங்க ஆளுதான் ஆறு நாள்ல அவசர அவசரமா முடிச்சிட்டு, ஏழாம் நாள் லீவு போட்டுட்டாரு."

"பன்னிக்குப் பொறகு சிங்கம் வந்தது எந்தக் கூர்ப்புல இருக்கு சேர்? அதையும் கொஞ்சம் படிச்சுக் குடுங்க" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே தன் வடைப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளுவார்.

கேம்பஸில் முதல் வருடம் இருந்தபோது இது கிண்டலாக இல்லை. எனக்குச் சோறு இறங்காத அளவுக்குப் பயமாக இருந்தது. அப்பா குடியை விட்டது லயம் என்கிற வரிசை வீட்டில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நடந்த ஒரு ஜெபக்கூட்டத்தில். அன்றிலிருந்துதான் அம்மா அடி வாங்காமல் தூங்கினார், நான் படித்தேன். அந்த ஆண்டவர் இல்லையென்று ஒரு பாடம் சொன்னால் நான் எந்தப் பக்கம் நிற்பது? விரிவுரையில் எழுதியதையெல்லாம் விடுதிக்கு வந்து வேதத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூசினேன்.

அந்தப் பயத்தை எடுத்தவர் பின்னால் என் கணவரானவர்தான். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்துப் பையன். என் வகுப்பு, விலங்கியல். மாணவர் ஜெபக்குழுவில் கிற்றார் வாசிப்பார். ஒருநாள் நான் அழுததைப் பார்த்துவிட்டு, "இதுக்கா அழுவுற?" என்றார். "ஊர்ல தேயிலை மலையைப் பாத்திருக்கதானே. அது எப்படி வளருதுன்னு மண்ணு, மழை, வெயில் எல்லாத்தையும் வச்சு விளக்கிறலாம். விளக்கி முடிச்சதும் அத நட்ட ஆளு இல்லேன்னு ஆயிருமா? எங்க தாத்தா நட்டத எந்தப் புத்தகம் இல்லேன்னு சொல்லும்?"

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆளும் பார்க்க லட்சணமாக இருப்பார், அது வேறு கதை. கல்யாணத்துக்குப் பிறகு இருவருக்கும் ஆசிரியர் வேலை கிடைத்தது. அவர் கீழ்வகுப்புகளுக்கு விஞ்ஞானம் எடுத்தார், சாயந்தரங்களில் லயம் லயமாகப் போய் ஜெபம் பண்ணினார். சண்டை நடக்கும் வீடு, சாவு விழுந்த வீடு, எங்கே கூப்பிட்டாலும் மழையோடு மழையாகக் கிளம்பிவிடுவார். நல்ல மனிதர் என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன்.

பிறகு மகள் பிறந்தாள். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மடங்கிக் கிடந்தன. பாலை உறிஞ்ச அவளுக்குத் தெம்பில்லை. ஒரு நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம், கூடுதலாக இருக்கிறது, அதிக நாள் தாங்காது என்று டாக்டர் அம்மா சொன்னார். நான் உயிரியல் டீச்சர் என்று தெரிந்ததும் படம் போட்டுக் காட்ட வந்தார். வேண்டாம் என்றேன். அந்தப் படத்தை நானே கரும்பலகையில் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். சில வாரங்களில் அவள் போய்விட்டாள். தேயிலைக்கு நடுவில் இருக்கும் தோட்டத்து மயானத்தில் புதைத்தோம்.

சாவு வீட்டுக்கு வந்தவர்களின் வாயை மூட முடியுமா? எங்கள் பெரியம்மா இன்னும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். "கொலசாமிய விட்டுட்டு வேதத்துக்குப் போனீங்களே, அதான்டி" என்று மூக்கைச் சிந்தினார். சபைப் பெண்கள் இன்னும் மெதுவாகச் சொன்னார்கள். "வீட்டுக்குள்ள எங்கயோ பிசாசுக்கு ஒரு வாசல் தொறந்திருக்கு சிஸ்டர். அது என்னான்னு ஜெபம் பண்ணிப் பாருங்க." இரண்டு பக்கமும் தீர்ப்பு ஒன்றுதான். குற்றவாளி நான்.

எல்லோரும் போன பிறகு அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இங்க பாரு புள்ள" என்றார். "யாரும் நம்மளத் தண்டிக்கல. கலம் பிரியுறப்ப ஒன்னு சரியாப் பிரியல, அவ்வளவுதான். பிழையே விடாத ஒலகமா இருந்தா இன்னிக்கும் தண்ணியில பாசி மட்டுந்தான் இருக்கும். நீ இல்ல, நான் இல்ல, நம்ம புள்ளையும் இல்ல. பிழைக்கு எடம் குடுத்துத்தான் ஆண்டவர் ஒலகத்தப் படைச்சாரு. அதுல நம்ம புள்ள போயிருச்சுன்னா, அவரும் நம்ம கூட உக்காந்து அழுவுறாரு."

கலம், அதாவது செல், தவறிப் பிரிவதும் பரம்பரையலகு என்கிற ஜீன் மாறுவதும் ஒன்றல்ல என்று வகுப்பில் பிள்ளைகளைத் திருத்துகிறவள் நான். அன்றைக்கு அவரைத் திருத்தவில்லை. அந்தப் பேச்சில்தான் எழுந்து முகம் கழுவினேன். என் விசுவாசமும் என் பாடமும் அந்த அடுப்படியில்தான் ஒன்றாகச் சேர்ந்தன. அதற்குப் பிறகு குரங்குப் பாடத்தை நான் பயந்து நடத்தவில்லை, ஆசையோடு நடத்தினேன். விதையிலிருந்து வந்த பழைய தேயிலை மலையையும், கிளை வெட்டி நட்ட வீ.பி. தேயிலை மலையையும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். விதைத் தேயிலையில் ஒரு செடி போல இன்னொரு செடி இருக்காது. வீ.பி. மலையில் எல்லாம் ஒரே அச்சு. புது நோய் ஒன்று வந்தால் எந்த மலை மொத்தமாகப் போகும் என்று கேட்பேன். கொழுந்து பறிக்கும் அம்மாக்களின் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. வித்தியாசம் இருந்தால்தான் உயிர் தப்பும் என்று சொல்லும்போது எனக்கு என் மகள் ஞாபகம் வரும், சமாளித்துக்கொள்வேன்.

எங்கள் சபையின் பழைய பாஸ்டர் உடம்புக்கு முடியாமல் ஓய்வுபெறப் போகிறார் என்று ஆனபோது, அடுத்தவர் என் கணவர்தான் என்று எல்லோரும் பேசினார்கள். கொழும்பிலிருந்து தலைமைச் சபைப் பெரியவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் சபையில் ஒரு முறை உண்டு. போதகராக அபிஷேகம் பண்ணும்போது புருசனும் பெண்சாதியும் சேர்ந்து முழங்காலில் நிற்க வேண்டும், இரண்டு தலையிலும் கை வைப்பார்கள். தன் வீட்டைச் சரியாக நடத்தாதவன் சபையை எப்படி நடத்துவான் என்பது அவர்கள் கேள்வி. நான் தேத்தண்ணி கொண்டுவந்த நேரம் ஒரு பெரியவர் கேட்டார்.

"சிஸ்டர் ஸ்கூல்ல என்னா படிச்சுக் குடுக்குறாங்க?"

"உயிரியல் ஐயா" என்றார் என் கணவர்.

"அந்தப் பாடமுமா?"

"அத நான் பாத்துக்கிறேன் ஐயா."

தட்டை அங்கேயே போட்டுவிடலாம் போல இருந்தது. அவர்கள் வாகனம் ஏறிப் போனதும், "என்னாத்தங்க பாத்துக்கப் போறீங்க?" என்று கேட்டேன். "அட, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். நீ ஒன்னையும் விட வேணாம். நம்ம ரெண்டு பேருக்கும் தெரியாததா?" என்று என் தோளைத் தட்டினார். நம்ம ரெண்டு பேர் என்றாரே, அதிலேயே நான் குளிர்ந்துபோனேன். மக்கு!

அடுத்து வந்த ஞாயிறு அந்தப் பெரியவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். வெளியே பனி மூட்டம் ஜன்னல் வரை வந்து நின்றது. சாட்சி நேரத்தில் என் கணவரே எழுந்து போனார். நான் வேறு பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பிரியமானவங்களே, என் வீட்டுக்குள்ளயே ஒரு இருட்டு இருந்துச்சு" என்று ஆரம்பித்தார். "என் மனைவி பள்ளிக்கூடத்துல, மனுசன் கொரங்குல இருந்து வந்தான்னு படிச்சுக் குடுத்தாங்க. நானும் தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துட்டேன். கர்த்தர் பொறுத்துப் பாத்தாரு. பொறகு எங்களச் சிட்சிச்சாரு. எங்க மகள எடுத்துக்கிட்டாரு." இங்கே அவர் குரல் உடைந்தது. நிஜமாகவே உடைந்தது, அதுதான் கொடுமை. "அந்த அடியிலதான் எங்களுக்குக் கண்ணு தொறந்துச்சு. என் மனைவி அந்தப் பொய்ய விட்டு மனந்திரும்பிட்டாங்க!"

கூரைத் தகரம் அதிர அல்லேலூயா போட்டார்கள். கீபோர்டு பையன் உடனே சோக ராகம் ஒன்றைப் பிடித்தான். பக்கத்தில் இருந்த அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பின்னாலிருந்து யாரோ என் தலையில் கை வைத்து ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றார்கள். எழுந்து பொய் என்று கத்தியிருக்க வேண்டும். என்னைக் கட்டிப்பிடித்தவர்கள் எல்லோரும் என் மகளுக்குத் துணி கொண்டுவந்தவர்கள், குழி வெட்டியவர்கள். அவர்கள் சந்தோஷமாக அழுதுகொண்டிருந்தார்கள். வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் யாரிடம் போய்ச் சொல்லும்?

திரும்பி வரும் வழியில், தேயிலைக்கு நடுவில் ஆளில்லாத இடத்தில் நின்றேன்.

"நான் எப்பங்க மனந்திரும்புனேன்?"

"கோவப்படாத. சாட்சின்னா அப்படித்தான் சொல்லணும். ஒனக்குத் தெரியாததா? ஒங்க அப்பா கூட்டிச் சொல்லலையா?"

"எங்க அப்பா அவரு குடிச்ச சாராயத்தக் கூட்டுனாருங்க. நீங்க நம்ம புள்ளையச் சேத்துட்டீங்க."

அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "சனங்களுக்கு வெளங்குற மாதிரிதான் பேசணும். நிறமூர்த்தம், கலப்பிரிவுன்னு அங்க நின்னு சொல்ல முடியுமா? நான் பாஸ்டரா வந்தா எத்தன குடும்பத்துக்கு நல்லது செய்யலாம், அத யோசி. அந்தப் பாடத்த இனிமே வேற டீச்சருக்கிட்ட மாத்திக் குடுத்துரு. அவ்வளவுதானே."

"நீங்க அத நம்புறீங்களா? நம்ம புள்ளைய ஆண்டவர் தண்டனையா எடுத்தாருன்னு?"

இரண்டு எட்டு முன்னால் நடந்தார். பிறகு சொன்னார். "நான் என்னா நம்புறேங்கிறது முக்கியமில்ல. சபை எதுல நிக்குதுங்கிறதுதான் முக்கியம்."

நம்புகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட ஆறியிருப்பேன். பயந்துவிட்டார், மாறிவிட்டார், பாவம் என்று நினைத்திருப்பேன். நம்பாமலே சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "சீ" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை.

மறுநாள் சாயந்தரம், பள்ளிக்கூடம் விட்டு வந்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் நின்றாள். கீழ் லயத்திலிருந்து சபைக்கு வருகிறவள். மலையில் கொழுந்து எடுத்துவிட்டு அப்படியே வந்திருந்தாள், இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. போன மழைக்காலத்தில் அவளுடைய ஆண் குழந்தை காய்ச்சலில் செத்துப்போயிருந்தது. உள்ளே வா என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு, கதிரையில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், நேத்து ஐயா சொன்ன சாட்சி கேட்டேன். நைட்டெல்லாம் தூக்கம் வரல."

"ஏம்மா?"

"நீங்க கொரங்குப் பாடம் படிச்சுக் குடுத்ததால ஒங்க பாப்பா போச்சு. சரி. அப்ப என் மகன் எதுக்குப் போனான் டீச்சர்? நான் அஞ்சாம் வகுப்பே தாண்டல. யாருக்கும் ஒன்னும் படிச்சுக் குடுக்கலையே. நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். ஒரு தடவ உபவாச நாளன்னிக்கு மலையில பசி தாங்காம ஒரு பிஸ்கட் தின்னேன். வேற ஒன்னும் ஞாபகத்துக்கு வரல. அதுவா டீச்சர்?"

அரிசிச் சட்டியைக் கீழே வைத்தேன். அவள் முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். கொழுந்துக் கறை ஏறிய கைகள், சில்லென்று இருந்தன. "இல்லவே இல்லம்மா" என்றேன். "ஒன்ன யாரும் தண்டிக்கல. என்னையும் தண்டிக்கல. ஒடம்புன்னா நோய் வரும், பிழை வரும். அப்படி மாறிக்கிட்டே இருக்கிற ஒலகத்ததான் ஆண்டவர் படைச்சாரு, அப்படி மாறி வந்துதான் நம்மளும் மனுசங்களா நிக்கிறோம். ஒன் மகன் போனப்ப அவரு ஒன் கூட உக்காந்து அழுதாரு. பிஸ்கட்ட கணக்குப் பாக்குற சாமி இல்லம்மா அவரு." என் கணவர் எனக்குச் சொன்னதை, என் வாய்க்கு வந்தபடி, அவளுக்குச் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். முகத்தில் ஏதோ இளகுவது தெரிந்தது. அந்த நேரம் உள் அறைக் கதவில் என் கணவர் வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவள் சட்டென்று எழுந்து முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஐயா, டீச்சர் சொல்றது நெசங்களா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சபையில் பெரியவர்கள் இருந்தார்கள், மைக் இருந்தது. இங்கே நாங்கள் மூன்று பேர்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவருடைய பேச்சைத்தான் அவரிடமே கேட்கிறாள். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அதுவரை நடந்ததை எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்காக மன்னித்துவிடவும் தயாராக இருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து, தாழ்ந்த குரலில், அன்பாகச் சொன்னார். "டீச்சர் இன்னும் வேதனையில இருக்காங்க தங்கச்சி. புள்ளையப் பறிகொடுத்த மனசு, என்னமோ பேசும். அவங்களுக்காக நீங்களும் ஜெபம் பண்ணுங்க." பிறகு கையை உயர்த்திக் கண்ணை மூடினார். அவளும் மூடினாள். அவள் அறியாமல் செய்த பாவங்களையெல்லாம் மன்னிக்கும்படி ஆண்டவரிடம் கேட்டார். நான் கண்ணைத் திறந்துகொண்டு இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெபம் முடிந்ததும் அவள் அவரைக் கும்பிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி என் கையைப் பிடித்தாள். "டீச்சர், அந்தப் பாடத்த விட்டுருங்க டீச்சர். ஒங்களுக்கு இன்னொரு புள்ள நல்லபடியாப் பொறக்கட்டும்" என்றாள். என்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னாள். படியிறங்கி லயத்துப் பக்கம் நடந்தாள்.

நான் கதவைச் சாத்தினேன்.

"அபிஷேகத்தன்னிக்கு நான் ஒங்க பக்கத்துல முழங்கால்ல நிக்க மாட்டேன்" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "நீ நிக்கலன்னா அவங்க என் தலையில கை வைக்க மாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியுங்க."